கொடிவழியில் ஊர்ப்பெயர் எழுதுவது எப்படி? தஞ்சைத் தரணிக் கேள்விகளும் பதில்களும்

குடும்ப மர மென்பொருளில் பெயர், தேதி எல்லாம் சுலபமாகப் போய்விடும். 'இடம்' என்ற கட்டத்தில்தான் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். காவிரிப் படுகையில் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் தலைக்கு மேல் ஜில்லாவும் மாகாணமும் நாடும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வருவாய்த் துறையில் நில ஆவணங்களோடு காலம் தள்ளி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

நன்னிலத்திலிருந்து: ஐயா, என் தாத்தா 1931-இல் நன்னிலத்தில் பிறந்தவர். 'நன்னிலம், திருவாரூர் மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா' என்று போட்டேன். அண்ணன் பார்த்துவிட்டுத் தப்பு என்கிறார். இப்போது அப்படித்தானே இருக்கிறது?

இப்போது அப்படித்தான். தாத்தா இப்போது பிறக்கவில்லையே! அண்ணன் பக்கம்தான் நியாயம். 'நன்னிலம், நன்னிலம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா, சென்னை மாகாணம், பிரிட்டிஷ் இந்தியா' என்று மாற்றுங்கள். தமிழ்நாடு என்ற மாநிலப் பெயர் வந்தது 1969 ஜனவரி 14-இல். திருவாரூர் மாவட்டம் 1997 ஜனவரி 1-இல் பிறந்தது.

நன்னிலத்தில் ஒரே வீட்டில் 1985, 1994, 2001 ஆகிய வருஷங்களில் மூன்று பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள் என்று வையுங்கள். மூத்தது தஞ்சாவூர் மாவட்டம். 1991 அக்டோபர் 18-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானதால் நடுப்பிள்ளை நாகை மாவட்டம். கடைசிப்பிள்ளை திருவாரூர். வீடு மாறவில்லை, வாசல்படிகூட மாறவில்லை. மூன்று பேருக்கும் திருவாரூர் என்று போட்டால், நாளைக்கு மூத்தவரின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கிற உங்கள் பேத்தி 'இது வேறு ஆளோ' என்று குழம்புவாள். அக்கம்பக்கத்து ஊருக்கும் இதே கணக்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வலங்கைமான் நாகைப் பக்கமே போகாமல் தஞ்சையிலிருந்து நேரே திருவாரூருக்கு வந்தது.

இவ்வளவு மெனக்கெடுவது காகிதம் தேடுவதற்காகத்தான். 1931-இல் பிறப்பை ஏட்டில் எழுதியவர் கிராம முன்சீப். அந்த ஏடு நன்னிலம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா என்ற பெயரில்தான் கட்டப்பட்டிருக்கும். திருவாரூர் என்று கேட்டுப்போனால் கையை விரிப்பார்கள். இன்றைக்கு ஊர் எங்கே இருக்கிறது என்று காட்ட அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டம் தனியாக இருக்கிறது. அதை நிரப்பிவிட்டால் வரைபடத்தில் சரியாகப் போய் உட்காரும்.

பாபநாசத்திலிருந்து: ஜில்லா என்று எழுதவா, மாவட்டம் என்றா?

உங்கள் இஷ்டம். மரம் முழுக்க ஒன்றையே எழுதுங்கள், போதும்.

மயிலாடுதுறையிலிருந்து: சார், கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை என்று மூன்று இடப்பதிவு ஆகிவிட்டது. ஒவ்வொன்றின் கீழும் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள்.

மூன்றையும் ஒன்றாக்குங்கள். இடங்களின் பட்டியலில் இரண்டைத் தேர்ந்தெடுத்து இணைத்தால் ஒன்றின் பெயர் மற்றொன்றின் மாற்றுப்பெயராகச் சேர்ந்துகொள்ளும். பிறகு மூன்றாவதையும் அதோடு சேருங்கள். அதற்கப்புறம்தான் கிராம்ப்ஸின் அருமை தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் தேதி போடலாம். மாயூரம் என்பதை மயிலாடுதுறை என்று அரசு மாற்றியது 1982-இல். அதேபோல ஊர் எதற்குள் அடங்குகிறது என்பதற்கும் தேதி போடலாம்: 1991 வரை தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறை மாவட்டம். நிகழ்ச்சியின் தேதியைப் பார்த்து அந்தக் காலத்து அடுக்கை மென்பொருளே எடுத்துக் காட்டும். 1940-இல் நடந்த கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லா, 2022-இல் நடந்ததுக்கு மயிலாடுதுறை மாவட்டம். நீங்கள் ஒரு தடவை எழுதினால் போதும்.

மயிலாடுதுறை என்பது 1982-இல் புதிதாய் முளைத்த பெயர் என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள். தேவாரத்திலேயே அந்த ஊர் மயிலாடுதுறைதான். அரசாங்கக் காகிதத்தில் மாயவரம், பாட்டில் மயிலாடுதுறை என்று இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருக்கின்றன. அதனால் மாற்றுப்பெயருக்குத் தொடக்கத் தேதி போடத் தெரியாவிட்டால் வெறுமனே விடுங்கள்.

திருவையாற்றிலிருந்து: என்னிடம் இருக்கும் மென்பொருளில் இடத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. தேதி போடும் வசதி எல்லாம் கிடையாது.

பெரும்பாலான மென்பொருள்கள் அப்படித்தான். மென்பொருளிலிருந்து மென்பொருளுக்குத் தகவலைக் கொண்டுபோகும் ஜெட்காம் கோப்பிலும் இடம் என்பது காற்புள்ளி போட்டுப் பிரித்த ஒரே வரி. சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடியும். நிகழ்ச்சி நடந்த காலத்து அடுக்கை அந்த வரியில் எழுதுங்கள். இன்றைய பெயரைக் குறிப்பில் வையுங்கள். தாலுகா தெரியவில்லை என்றால் காற்புள்ளியை மட்டும் போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். அதையும் விழுங்கிவிட்டால் ஜில்லா போய்த் தாலுகா இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கிராம்ப்ஸ்காரர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தேதி போட்டு அடுக்கிய வேலை முழுவதும் ஜெட்காமில் போய்ச் சேராது. அதன் சொந்த வடிவத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பினாங்கிலிருந்து: ஐயா, என் கொள்ளுத்தாத்தாவின் பழைய காகிதத்தில் ஆங்கிலத்தில் 'திருவாளூர், டாஞ்சூர்' என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூர் வருகிறது. எது?

டாஞ்சூர், அதாவது தஞ்சாவூர், என்ற ஒரு சொல் உங்களைக் காப்பாற்றியது. அது திருவாரூர். வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களில் திருவாரூரை அப்படித்தான் எழுதினார்கள். நாகப்பட்டினம் தாலுகாவுக்குள் அப்போது அது அடங்கியிருந்தது. ஜில்லாப் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் குடும்பத்தை யாராவது, திருவள்ளூர் அப்போது இருந்த செங்கல்பட்டு ஜில்லாப் பக்கம் கொண்டுபோய் வைத்திருப்பார்கள்.

இந்த மாதிரிக் கண்ணிகள் நம் பக்கத்தில் நிறைய. 'ஷியாலி' என்றால் சீர்காழி. 'திருவாடி' என்றால் திருவையாறு. 'டிராங்கபார்' தரங்கம்பாடி. 'பாயிண்ட் காலிமர்' கோடியக்கரை. 'தேவிக்கோட்டா' என்று பார்த்தவுடன் செட்டிநாட்டுத் தேவகோட்டைக்கு வண்டி ஏறாதீர்கள். கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தேவிக்கோட்டை இருந்தது, 1749-இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. தஞ்சாவூர் ஜில்லாக் காகிதம் என்றால் பெரும்பாலும் அதுதான்.

ஃபேமிலிசர்ச் போன்ற குடும்ப வரலாற்று இணையத் தளங்கள் நீங்கள் எழுதிய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் தரப்படுத்திய பெயர் ஒன்றைத் தாமாகவே பரிந்துரைக்கும். அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வதுதான் ஆபத்து. மேலே இருக்கும் ஜில்லாவைப் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

கப்பல் பட்டியல்களில் ஊர்ப்பெயர் இன்னும் சிதைந்திருக்கும். 1860-லிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியலில் ஜில்லா, தாலுகா, கிராமம் என்று தனித்தனியாக இருக்கும். கிராமத்தை எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்த எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் ஓர் எழுத்துகூட விடாமல் மேற்கோளில் வையுங்கள். உங்கள் ஊகத்தை 'இதுவாக இருக்கலாம்' என்று குறிப்பில் எழுதுங்கள். தாலுகாவை முதலில் உறுதி செய்துகொண்டு, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தஞ்சாவூர் மாவட்டக் கையேட்டில் இருக்கும் கிராமப் பட்டியலை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு எட்டாதது காதுக்கு எட்டும்.

கும்பகோணத்திலிருந்து: அண்ணே, எங்கள் வீட்டில் எல்லார் பிறந்த ஊரும் கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். சரிதானே?

இது எல்லார் வீட்டிலும் நடக்கிறது, தம்பி. பத்திரிகையில் இருப்பது பூர்வீகம். அது அப்பா வழி ஊர். பிள்ளை பிறந்தது அங்கே என்று அர்த்தமில்லை. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அம்மா வலங்கைமான் பெண் என்றால் மூத்த பிள்ளை பிறந்தது வலங்கைமானில், பிறப்பைப் பதிந்ததும் அங்கேதான். குடந்தையில் எத்தனை தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை கணவன் வீட்டில் பிறந்திருக்கலாம், அதையும் பாட்டியிடம் கேட்டுத்தான் எழுதவேண்டும்.

பிறப்பு என்ற நிகழ்ச்சிக்குப் பிறந்த ஊர். வாழ்ந்த ஊருக்கு வசிப்பிடம் என்ற நிகழ்ச்சி. பூர்வீகத்துக்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி வகையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம், எல்லா நல்ல மென்பொருளிலும் அதற்கு வழி உண்டு. குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரையும் அதே மாதிரி தனியாக வையுங்கள். குடும்பம் ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னால் எங்கிருந்து கிளம்பியது என்பதற்குப் பல வீடுகளில் மிஞ்சியிருக்கும் ஒரே துப்பு அந்த ஊர்தான். பிறந்த ஊர்க் கட்டத்தில் போட்டு அதை வீணாக்காதீர்கள்.

காரைக்காலிலிருந்து: மாமியார் 1948-இல் திருநள்ளாற்றில் பிறந்தவர். இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகுதானே, இந்தியா என்று போடலாமா?

போடக்கூடாது அம்மா. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில். ஆட்சி நம்மிடம் வந்தது 1954 நவம்பர் 1-இல், சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். 'திருநள்ளாறு, காரைக்கால், பிரெஞ்சிந்தியா' என்று எழுதுங்கள். சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா இருக்கிறதே என்று தஞ்சாவூரை மேலே ஏற்றிவிடாதீர்கள். நாலு மைல் தள்ளி இருக்கிற ஊரிலிருந்து பெண் எடுத்தாலும் அந்தக் காலத்தில் அது இரண்டு ஆட்சிக்கு நடுவில் நடந்த சம்பந்தம். 1954-க்கும் 1962-க்கும் நடுவில் பிறந்தவர்களுக்கு நான் ஆட்சி மாறிய தேதியைத்தான் கணக்கில் கொள்வேன், சட்டத் தேதியைக் குறிப்பில் வைப்பேன்.

உங்களுக்கு ஒரு வசதி: பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றுக்கும் கம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதி வாரியாகப் பதிவேடு உண்டு. அதில் 'கிராந்த் ஆல்தே' என்று கண்டால் திகைக்காதீர்கள், திருமலைராயன்பட்டினம்தான்.

பொறையாறிலிருந்து: 1812-இல் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்ற மூதாதை. எந்த நாடு என்று எழுதுவது?

நல்ல சிக்கலான வருஷமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் உடைமை, பொறையாறும் அதில் சேர்த்தி. ஆனால் ஐரோப்பிய யுத்தத்தில் 1808-இலிருந்து 1815 வரை ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தார்கள். யுத்தகாலப் பிடிப்பை நான் இட அடுக்கில் ஏற்றமாட்டேன். திரும்பக் கொடுத்துவிட்டார்களே. 'தரங்கம்பாடி, டேனிஷ் ஆட்சிப் பகுதி' என்று எழுதி, ஆங்கிலேயர் பிடியில் இருந்த வருஷம் என்று குறிப்பில் சொல்லுங்கள். 1845-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தஞ்சாவூர் ஜில்லா.

நாகப்பட்டினத்திலிருந்து: சோழர் செப்பேட்டில் எங்கள் ஊர் க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்தில் வருகிறது. அதை மரத்தில் எப்படிச் சேர்ப்பது?

வளநாடு, கூற்றம் எல்லாம் சோழர் காலத்து நாட்டுப் பிரிவுகள். மரத்தின் மூத்த ஆள் யார்? 1850 வாக்கில் பிறந்தவர் என்றால் அவருக்கும் வளநாட்டுக்கும் சம்பந்தம் வைக்காதீர்கள். ஊரின் பெருமை ஊருடையது, இடப்பதிவின் குறிப்பில் தாராளமாக எழுதுங்கள். ஆளின் தலையில் கட்டவேண்டாம். சீர்காழிக்காரர் ஒருவர் பிரமபுரம், வேணுபுரம், தோணிபுரம் என்று தேவாரத்தின் பன்னிரண்டு பெயரையும் மாற்றுப்பெயராக ஏற்றிவைத்திருக்கிறார். பக்தி சரி. ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒன்றான புகலியில் பிறந்தார் என்று எந்தப் பிறப்புச் சான்றிதழும் சொல்லப்போவதில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து: பழைய பத்திரங்களில் தெருப்பெயரே சாதிப்பெயராக இருக்கிறது. எழுதவா, விடவா?

தெரு இட அடுக்கில் வேண்டாம், முகவரிக் கட்டத்துக்குப் போகட்டும். பத்திரத்தில் இருப்பது பத்திரத்தின் மேற்கோளில் அப்படியே இருக்கவேண்டும், ஆவணத்தைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. ஊரார் பார்க்கும்படி மரத்தை வெளியிடும்போது அந்தக் கட்டத்தை அந்தரங்கம் என்று குறித்துவிடுங்கள். யாரையும் புண்படுத்தி வரலாறு எழுதவேண்டிய அவசியம் இல்லை.

மன்னார்குடியிலிருந்து: பத்திரத்தில் பசலி 1334 என்று இருக்கிறது. எந்த வருஷம்?

பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு வருஷம். 590-ஐக் கூட்டுங்கள். 1924 ஜூலை 1 முதல் 1925 ஜூன் 30 வரை.

தஞ்சாவூரிலிருந்து: இடப் பட்டியலில் கும்பகோணம் இரண்டு தடவை வருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மென்பொருள் வேறு வேறு என்கிறது. பழைய கோப்பில் சில ஊர்கள் புரியாத எழுத்தாகவும் நிற்கின்றன.

இரண்டும் வேறு நோய். யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். வேறு வேறு விசைப்பலகையில் தட்டினால் இப்படி ஆகிவிடும். கொள்ளிடம், கோடியக்கரை, பொறையாறு எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒன்றை மற்றதோடு இணைத்தால் சரியாகிவிடும்.

புரியாத எழுத்தாக நிற்பவை பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தவை. ஜெட்காமாக மாற்றுவதற்கு முன்பே ஒரு மாற்றி வைத்து யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்றுமதி செய்யும்போது எழுத்துக் குறியீடு எது என்று கேட்டால் யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். பழைய ஜெட்காமில் ஆன்செல் என்று ஒன்று உண்டு, அதில் தமிழுக்கு இடமே கிடையாது. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பில் யூடிஎஃப்-8 தவிர வேறு எதையும் அனுமதிப்பதில்லை.