முகங்கள் மட்டும்தானா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் கார்ல் தியோடர் டிரேயரின் 'த பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அரை மணி நேரத்தில் எழுந்துவிடலாம் என்று தோன்றியது. சரித்திரப் படம் என்கிறார்கள். கோட்டை இல்லை, போர் இல்லை, குதிரை இல்லை. முகம், முகம், மறுபடியும் முகம். பெரும் செலவில் செட் போட்டதாகப் படித்தேன். அதெல்லாம் எங்கே போனது? படம் வந்த காலத்தில் ஜனங்கள் இதை ஏற்றுக்கொண்டார்களா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் அந்தப் படத்தின் பெரிய துணிச்சல் என்று நான் நினைக்கிறேன்.

ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையை நடத்தி, பிடிபட்டு, மதத்துரோகி என்று எரிக்கப்பட்ட பெண் ஜோன். அவளைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது அவள் பேச்சு. 1431ல் ரூவான் நகரத்தில் நடந்த விசாரணையை எழுத்தர்கள் கேள்வி, பதிலாகக் குறித்து வைத்தார்கள். அவள் முகம் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் வாழ்ந்த காலத்தில் வரைந்ததாக மிஞ்சியிருப்பது 1429ல் பாரிஸில் ஓர் எழுத்தர் பதிவேட்டின் ஓரத்தில் கிறுக்கிய சிறு படம் ஒன்றுதான். அவரும் அவளை நேரில் பார்த்தவரில்லை. டிரேயர் அந்த விசாரணைப் பதிவுகளையே திரைக்கதைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். பல மாத விசாரணையை ஒரே நாள்போலச் சுருக்கினார். ஆனால் கையில் இருந்ததோ ஊமைப்படம். பேச்சு மட்டுமே எஞ்சிய ஒருத்தியைப் பேச்சே இல்லாத ஊடகத்தில் காட்டியாக வேண்டும். முகத்தை விட்டால் அவருக்கு வேறு எங்கே போக இடம்?

ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். "நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?" என்று கேட்கிறார்கள். அது பொறி. தான் அருளில் இருப்பதாக யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. ஆம் என்றால் மதத்துரோகம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். எழுதப் படிக்கத் தெரியாத பத்தொன்பது வயதுப் பெண் சொல்கிறாள்: "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருக்கிறேன் என்றால் அதிலேயே வைத்திருக்கட்டும்." பதிவேட்டில் உள்ள பதில் இது. படத்தில் எழுத்து அட்டையாக ஒரு கணம் வந்து போகிறது. அதற்கு முன்னும் பின்னும் அந்த முகத்தில் நடப்பதைப் பாருங்கள். கண் அகல விரிகிறது, உதடு தயங்குகிறது. பதில் எங்கிருந்தோ வந்து சேருவதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

ஜோனாக நடித்த ரெனே ஃபால்கொனெட்டிக்கு மேக்கப்பே கிடையாது. அதுவரை இருந்த பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது, தோல் கறுத்து விழும். அதனால் நடிகர்கள் முகத்தில் அப்பிக்கொள்வார்கள். டிரேயர் அப்போது புதிதாகப் பரவிவந்த, எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிமில் எடுத்தார். மருவும் சுருக்கமும் வெடித்த உதடும் அப்படியே பதிந்தன. ஒரு ஈ அவர் முகத்தில் வந்து உட்காருகிறது, அதையும் வெட்டவில்லை. தலைமுடியை உண்மையாகவே மழித்தார்கள். இதற்குப் பிறகு அவர் வேறு படத்தில் நடிக்கவில்லை.

செட்டுக்கு வருகிறேன். ஹெர்மன் வார்மும் ஜான் ஹ்யூகோவும் கோட்டையை மதில், கோபுரம், தேவாலயம் எல்லாம் சேர்த்து ஒரே ஊராகவே எழுப்பினார்கள். திரையில் வெள்ளை வானத்துக்கு எதிரே சாம்பல் நிறமாகத் தெரியட்டும் என்று சுவர்களுக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். கேமராவை இன்னும் தாழ்வாக வைக்கத் தரையில் குழி தோண்டினார்கள். பணம் போட்ட பாரிஸ் கம்பெனிக்கு உங்களைப் போலவே மனத்தாங்கல் இருந்திருக்கும், அது நியாயமும்கூட. ஆனால் 1927ல் மாதக்கணக்கில், கதை வரிசைப்படியே, அந்தச் சுவர்களுக்குள் நடமாடித்தான் அவர்கள் நடித்தார்கள். நான்கு சுவருக்குள் அகப்பட்டவளின் பார்வை ஃபால்கொனெட்டிக்கு வந்ததில் அந்தச் சுவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. பிரெஞ்சுக்காரனும் அல்லாத, கத்தோலிக்கனும் அல்லாத ஒரு டென்மார்க்காரன் நம் புனிதையைத் தொடுவதா என்று படம் எடுக்கும் முன்பே எதிர்ப்பு. ஜோனுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தே ஏழெட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதலில் வெளியானது. பாரிஸில் சபையும் தணிக்கையும் வெட்டிய பிறகே காட்டினார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்களைக் காட்டிய விதத்துக்காக பிரிட்டனில் தடை. விமர்சகர்களில் பலர் கொண்டாடினார்கள், ஆனால் வசூல் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் மூல நெகட்டிவ் தீக்கிரையானது. ஒதுக்கி வைத்திருந்த வேறு டேக்குகளைக் கொண்டு டிரேயர் ஷாட் ஷாட்டாக இன்னொரு படத்தை ஒட்டிச் சேர்த்தார். அதுவும் எரிந்துபோனதாகவே நம்பினார்கள். 1951ல் அது கிடைத்தபோது வேறொருவர் பாக் போன்ற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் இசையைச் சேர்த்து வெளியிட்டார், டிரேயருக்கு அது பிடிக்கவில்லை. நான் முதலில் பார்த்தது அந்த வடிவத்தைத்தான். இசை முகத்துக்குக் குறுக்கே வந்துகொண்டே இருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

1981ல் நார்வேயில் ஆஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது சில பிலிம் டப்பாக்கள் அகப்பட்டன. உள்ளே இருந்தது வெட்டு விழாத 1928ஆம் ஆண்டுப் பிரிண்ட். நீங்கள் பார்த்தது அநேகமாக இதிலிருந்து வந்ததாக இருக்கும். ஃபால்கொனெட்டி 1946ல் போய்விட்டார். டிரேயர் 1968ல் இறந்தார், தன் படத்தின் மூல வடிவம் பிழைத்திருக்கிறது என்பது தெரியாமலே. தமிழின் முதல் ஊமைப்படமான 'கீசக வத'த்துக்கு இப்படி ஓர் அலமாரி இன்றுவரை திறக்கவில்லை என்பதும் இதை எழுதும்போது மனதில் ஓடுகிறது.

முடிந்தால் இன்னொரு முறை, சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அருளைப் பற்றிய கேள்வி வரும்போது, இது ஆபத்தான கேள்வி என்று அவளுக்காகப் பேசும் இளம் துறவியைக் கவனியுங்கள். அவராக நடித்தவர் பிரெஞ்சுக் கவிஞரும் நாடகக்காரருமான அந்தோனன் ஆர்தோ. அவருக்கும் அங்கே முகம் மட்டும்தான்.