மரநிழல் விழும் பக்கத்து நெல்லுக்கு யூரியா கூடப் போட்டால் விளையுமா?

கேட்டவரின் வயலில் கிழக்கு வரம்போடு பூவரசும் பனை வடலியும் நிற்கின்றனவாம். நிழலுக்குள் நெல் உயரமாய், கடும்பச்சையாய் நிற்கிறது. வெட்டினால் பாதி பதர். இன்னும் கொஞ்சம் யூரியா எறியலாமா என்கிறார்.

எறியாதீர்கள், கூடப் பழுதாகும். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் வயலிலும் ஒரு மூலை இப்படித்தான்.

இலையில் இருக்கும் நைதரசனில் பெரும்பங்கு, வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் பச்சையவுருமணிகளில்தான் இருக்கிறது. அந்த நைதரசனைத் தரும் யூரியாவை எறிவது அடுப்பைப் பெரிதாகக் கட்டுவது மாதிரி. எரிக்க வெயில் வேண்டுமே! நிழலில் பயிர் வெளிச்சம் தேடி நீளும், இலை மெலிந்து தொங்கும். அதற்கு மேலும் யூரியா விழுந்தால் ஒன்றின் இலை மற்றதை மூடிவிடும். அந்தப் பக்கத்துத் தண்டொன்றை அடியில் இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள், பொசுக்கென்று அமுங்கும். காற்றோடு ஒரு மழை அடித்தால் முதலில் படுப்பது அதுதான். எரிபந்த நோயும் அறக்கொட்டிப் பூச்சியும் விரும்புவதும் இப்படிக் கொழுத்த பயிரைத்தான்.

மட்டம் வெடிக்கும், அதாவது அடியில் பக்கத் தண்டுகள் விடும் காலத்தில் வெயில் குறைந்தால் பயிர் பிறகு ஓரளவு ஈடுகட்டிவிடும். தண்டுக்குள் கதிர் உருவாகும் குடலைக் காலத்தில் குறைந்தால் கதிரில் மணிகள் குறையும். பூத்த பிறகு வரும் சுமார் 30 நாள்தான் முக்கியம். மணிக்குள் போகும் மாப்பொருளில் பெரும்பகுதி அப்போதுதான் உண்டாகிறது. உங்கள் பதருக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் நமக்கு வானமே அரைவாசி நிழல். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வெயில் காலச் சிறுபோகம் செய்பவர் எறியும் அளவை இங்கே அப்படியே பார்த்து எறிவது சரிவராது.

மறுபக்கமும் உண்டு, வெயில் மட்டும் இருந்தாலும் போதாது. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்ததே, அந்தப் போகத்தில் வெயில் விழுந்த இடத்திலும் எங்கள் நெல் வெளிறித்தான் நின்றது. முதலில் மஞ்சளானது அடி இலை. பயிர் அதிலிருந்த நைதரசனை இழுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும்.

வெயில் யூரியாவைத் திருடவும் செய்யும், இதைப் பலர் கவனிப்பதில்லை. நண்பகலில் வயல் தண்ணீரில் உள்ள பாசி கரைந்த காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்ள, தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அப்போது யூரியாவிலிருந்து வந்த நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். 50 கிலோப் பையில் இருப்பதே 23 கிலோ நைதரசன்தான். வடிக்க வசதி இருந்தால் தண்ணீரைச் சேறு தெரியும் அளவுக்கு வடித்து, பின்னேரம் எறிந்து, பிறகு தண்ணீர் கட்டுங்கள்.

நிழல் மூலைக்கு யூரியாவைக் குறைத்து, விதைப்புக்கு முன்பே பூவரசின் கிளைகளைக் கழித்துவிடுங்கள். மரம் பக்கத்துக் காணிக்காரருடையது என்றால் முதலில் அவரோடு கதையுங்கள். வேலிச் சண்டை நமக்குப் புதிதில்லை.