கழுத்தில் இடைவெளி, மீசையில் உரியும் பிரைமர்

நண்பரே, நீங்கள் செய்யும் ரெசின் வார்ப்புச் சிலையில், பண்டைய கோல் (Gaul) இனப் போர்வீரனின் தலையை ஒட்டிய பிறகு கழுத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, மீசைப் பக்கம் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தோலாக உரிகிறது என்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறு.

பிரைமர் உரியக் காரணம் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை. உரிந்த இடத்தில் மட்டும் பூசினால் திரும்ப உரியும். முழுவதையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து ஒரு நாள் உலரவிடுங்கள்.

கழுத்துதான் பெரிய வேலை. சூப்பர் குளூ இடைவெளியை நிரப்பாது. ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் பசை நொறுங்கும் பதத்துக்கு வரும். மெல்லத் திருகிப் பிரியுங்கள். வார்ப்பின்போது மிஞ்சிய மேடு உள்ளே இருக்கும், அதைத் தேய்த்துச் சமமாக்குங்கள். நீர் தொட்டே தேய்க்க வேண்டும், முகமூடி கட்டாயம். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பிறகு 2 மி.மீ. பித்தளைக் கம்பி. ஒரு பக்கம் துளையிட்டுக் கம்பியைச் செருகி, நுனியில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்து மறுபக்கம் அழுத்துங்கள், எதிர்த்துளையின் இடம் தெரிந்துவிடும். எபாக்சியால் (இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் பசை) ஒட்டி, மிச்ச இடைவெளியை எபாக்சி புட்டியால் அடையுங்கள்.

கழுத்து வளையமான டார்க்கைக் கடைசியில் மாட்டுங்கள். அதன் திறப்பு முன்பக்கம் வருவதால் அங்கே இணைப்பு மறையாது, புட்டியை அங்கே நன்றாக இழையுங்கள். வளையம் கோணியிருந்தால் வெந்நீரில் அரை நிமிடம் போட்டு வளைக்கலாம்.

தலைமுடிக்கு வெறும் பழுப்பு அடிக்காதீர்கள். கோல் இனத்தார் சுண்ணாம்பு நீரால் முடியை அலசியதாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். நுனிகளில் வெளிர் நிறம் பொருந்தும்.