60 பக்கத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஜாப் ஒர்க் (துணியை வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கணக்குக்கு சாஃப்ட்வேர் செய்ய ஒரு கன்சல்டன்ட் மூலம் ஏற்பாடு. என்னென்ன தேவை என்று ஆங்கிலத்தில் 60 பக்கம் எழுதி வந்து, கையெழுத்தும் பாதிப் பணமும் கேட்கிறார். எனக்குப் புரியவில்லை. என்ன செய்ய?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு கம்பெனி பெயரோ, உங்களிடம் இல்லாத பிரிவோ அதில் இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். பழைய வாடிக்கையாளருக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றித் தள்ளிவிடும் இடைத்தரகர்கள் நிறைய. உங்கள் குடோனில் சலான் (சரக்கோடு அனுப்பும் சீட்டு) போடுகிறவரிடம் உட்கார்ந்து பேசாமலே 60 பக்கம் எங்கிருந்து வந்தது என்று நேராகக் கேளுங்கள். கமிஷன் அவருக்கு, தலைவலி உங்களுக்கு.

தேவையை முதலாளியிடம் மட்டும் கேட்டால் ஒழுங்காக நடக்கிற வேலைதான் பதிவாகும். சிக்கல் மற்ற நாளில்தான். 500 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) ஒரே சலானில் சாயப்பட்டறைக்குப் போகிறது என்று வையுங்கள். கறுப்புக்குக் கொடுத்த 200 கிலோ, 190 ஆகத் திரும்புகிறது. அந்த 10 கிலோ பிராசஸ் லாஸா (வேலையில் இயல்பாகக் குறையும் எடை), இல்லை காணாமல் போனதா? எத்தனை சதவீதம் வரை ஒப்புக்கொள்வது, அதை யார் மாற்றலாம்? இன்னொரு 150 கிலோ உங்கள் குடோனுக்கே வராமல் நேராக காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) போய்விடுகிறது. மீதி, பட்டறையிலேயே கிடக்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்காகி வரி விழும். அப்படியானால் ஒவ்வொரு சலானிலும் இன்னும் எவ்வளவு நிற்கிறது, எத்தனை நாள் ஆயிற்று என்று சாஃப்ட்வேர் காட்டியாக வேண்டும். இந்த ஒரு விஷயம் அந்த 60 பக்கத்தில் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், 'வேகமாக இயங்கும்', 'எல்லா ரிப்போர்ட்டும் வரும்' போன்ற வரிகளை அடிக்கச் சொல்லுங்கள். 'சலான் பிரிண்ட் 5 நொடிக்குள்' என்று இருந்தால்தான் சோதித்துப் பார்க்க முடியும். எந்தெந்த ரிப்போர்ட் என்று பெயர் போட்டு, நீங்கள் இப்போது கையால் எழுதும் தாளின் நகலையும் இணைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தமிழில் ஒரு பக்கம் போதும்: யார் பதிவார், என்ன பதிவார், என்ன வரவேண்டும்.

'புரியாமல் போட்டுவிட்டேன்' என்பது பின்னால் எடுபடாது. வியாபாரத்துக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் ஆணையமும் பெரும்பாலும் கைகொடுக்காது. பேசித் தீரவில்லையென்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே வாய்தா வாங்கியே வருடங்கள் ஓடிவிடலாம். சின்னக் கம்பெனிக்காரருக்கு சீக்கிரம் தீர்வு கிடைப்பதில்லை என்பது எனக்குத் தீராத கோபம்.

அதனால் பிடியைப் பணத்தில் வையுங்கள். பாதி முன்பணம் வேண்டாம். தமிழ்ப் பக்கங்கள் முடிந்ததும் ஒரு சிறு தொகை, சலான் பகுதி உங்கள் பழைய சலான்களை வைத்து ஓடிக் காட்டியதும் ஒரு தொகை, மீதி கடைசியில். இடையில் எது மாறினாலும், கூடுதல் பணம் எவ்வளவு என்பதோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். போனில் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம்.