வர முடியாதுதான், ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

வாசகியின் கடிதம்

அன்புள்ள ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 44 வயது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 1999 முதல் 2002 வரை கோவையில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் நாங்கள் நான்கு பேர். பெயர்கள் வேண்டாம். ஒருத்தி இப்போது திருப்பூரில், ஒருத்தி பெங்களூரில், இன்னொருத்தி சென்னையில் இருக்கிறார்கள். கல்யாணம், பிரசவம், ஊர் மாற்றம் என்று எது வந்தபோதும் எங்கள் பேச்சு நின்றதில்லை. என் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, திருப்பூர்க்காரி தன் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் திட்டியும் போகவில்லை.

வீட்டுக்காரர் ரேயான் துணி ஓட்டும் விசைத்தறிப் பட்டறை வைத்திருந்தார். 16 தறி. 2021, 22-ல் நூல் விலை தாறுமாறாக ஏறியபோது கட்டுப்படியாகாமல் கடன் வாங்கி ஓட்டினோம். கடைசியில் தறிகளைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டோம். லாரியில் ஏற்றி முடிக்கும்வரை அவர் ரூமைவிட்டு வெளியே வரவில்லை. இப்போது வேறொருவர் பட்டறையில் சூப்பர்வைசர் வேலைக்குப் போகிறார். கடன் தவணை இன்னும் ஓடுகிறது. இதற்கு நடுவில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் வராது. மூக்கில் குழாய் வழியாகத்தான் ஆகாரம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பையன் பிளஸ் டூ படிக்கிறான்.

வீட்டு விஷயம் வாசற்படி தாண்டக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம். தோழிகளுக்கு எதுவும் தெரியாது. திருப்பூர்க்காரி மகள் வயசுக்கு வந்ததற்கு வைத்த தெரட்டி சீருக்கு எல்லாரும் சேர்ந்து தங்கக் காசு எடுக்கலாம், ஆளுக்கு இவ்வளவு என்று குரூப்பில் கணக்குப் போட்டார்கள். அந்த மாதம் என் தாலிக்கொடியே அடகில் இருந்தது. மஞ்சள் கயிறோடு அந்த மண்டபத்துக்குள் எப்படிப் போவேன்? காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை பையனுக்குப் பரீட்சை என்றேன். இப்படியே ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டு வந்தேன்.

போன மாதம் சென்னைக்காரி ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ பார்த்தேன். ஆழியாறு அணையில் மூன்று பேரும் நிற்கிறார்கள். ஒரே டிசைன் துணியில், நிறம் மட்டும் மாற்றித் தைத்த சுடிதார். வால்பாறை போகிற வழியாம். "சூப்பர்" என்று போட்டேன். உடனே பெங்களூர்க்காரி போன் பண்ணி, "நீ எப்படியும் வரமாட்டேன்னு தெரியும்டி, கேட்டா உனக்குத்தான் சங்கடம்னு விட்டுட்டோம்" என்றாள். அன்று ராத்திரி குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் போயிருக்க முடியாதுதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. திருப்பூர்க்காரி மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

நாத்தனாரிடம் லேசாகச் சொன்னதற்கு, "பேரன் பேத்தி எடுக்கப்போற வயசுல என்ன ஃபிரண்ட்ஸு?" என்று சிரிக்கிறார். சில ராத்திரிகளில் தூக்கமே வருவதில்லை. குடும்பம் என்று ஆனபிறகு இதையெல்லாம் விட்டுவிடுவதுதான் சரியா? திரும்பிப் போகலாம் என்றால் வீட்டு நிலைமை எல்லாம் தெரிந்துவிடுமே?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி


ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிட வேண்டாம். குரூப்பிலிருந்து வெளியே வந்ததை நினைத்து மருகவும் வேண்டாம், அவசரப்பட்டுத் திரும்பச் சேரவும் வேண்டாம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் மனத்தில் இருப்பதைச் சொல்வது நல்ல நாளிலேயே கஷ்டம்.

வால்பாறைக்குப் போக முடியாததற்காக நீங்கள் அழவில்லை. உங்களிடம் கேட்காமலேயே, உங்களுக்குப் பதிலாக "அவள் வரமாட்டாள்" என்று மூன்று பேர் முடிவு பண்ணிவிட்டார்கள். வலித்தது அதுதான். பெங்களூர்த் தோழி இதைக் கரிசனம் என்று நினைத்துச் செய்திருக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. பிள்ளை இல்லாதவர்களை வளைகாப்புக்கு அழைக்காமல் விடுகிறார்களே, அதுவும் இதே கரிசனம்தான்.

ஆனால் அந்த மூவருக்கும் தெரிந்தது என்ன என்று கொஞ்சம் பாருங்கள். ஒரு தடவை காய்ச்சல், இன்னொரு தடவை பரீட்சை, பிறகு வேறு ஏதோ. காரணம் மாறிக்கொண்டே இருந்தால், கேட்பவர்களுக்குக் காரணம் காதில் விழாது, "இவளுக்கு இஷ்டமில்லை" என்பதுதான் விழும். உங்கள் வீட்டில் தறி போனதும், அத்தை படுக்கையில் விழுந்ததும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் துணியை மூன்றாக எடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

"என்னால் வர முடியாது" என்பதற்கும் "என்னைக் கூப்பிடாதீர்கள்" என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. அந்த வித்தியாசம் எதிராளிக்குத் தானாகப் புரியாது, வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கும் வீடுகளில் நான் பார்ப்பது இது: முதல் மாதம் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு கூட்டம் வரும். பிறகு போனில் விசாரிப்பார்கள். அப்புறம் விசாரிப்பதே நோயாளியைப் பற்றி மட்டும்தான், பார்த்துக்கொள்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு வருஷம் தாண்டினால் அதுவும் நிற்கும். உங்கள் விஷயத்தில் கூட்டம் வருவதற்கே வழியில்லாமல் போய்விட்டது.

இனி, வாசற்படி தாண்டக் கூடாது என்ற சட்டம். இதில் பாதிக்கு நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். எவ்வளவு கடன், யாரிடம் வாங்கியது, எது அடகில் இருக்கிறது என்பதெல்லாம் அவருடைய தன்மானத்தோடு சம்பந்தப்பட்டவை. அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போக வேண்டியதில்லை. லாரி வந்த அன்று ரூமைவிட்டு வெளியே வராத மனுஷர் அவர். ஆனால் அத்தைக்கு உடம்பு முடியாமல் இருப்பது ரகசியம் இல்லை. நீங்கள் களைத்திருப்பது உங்களுடைய விஷயம், அதை யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. "பட்டறையை மூடிட்டோம், இப்ப கொஞ்சம் கைக்கடியா இருக்கு" என்ற அளவு போதும், கணக்கு வழக்கு யாருக்கும் தேவையில்லை. இந்த எல்லையை அவரிடமும் சொல்லிவிடுங்கள்: "கடனைப் பத்திப் பேசமாட்டேங்க, அத்தையைப் பத்தி நான் பேசத்தான் செய்வேன்." கேட்டுக்கொண்டு சம்மதிப்பார் என்று நான் எதிர்பார்க்கிறேன். முறைத்துக்கொண்டாலும் இதற்கு அனுமதி தேவையில்லை.

மூவரிடமும் ஒரே நேரத்தில் போகாதீர்கள். யாரிடம் முதலில் என்று நான் சொல்லவே வேண்டாம், உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. இரண்டு தடவை கூப்பிட்டவரும், முன்பு ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துப் படுத்தவரும் ஒருவர்தான். அவருக்கு நீளமாக எழுத வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"ஏய், நான்தான்டி. உன் போனை எடுக்கலை, கோபமெல்லாம் இல்லை. அத்தைக்கு ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கையா இருக்காங்க. குழாயிலதான் சாப்பாடு, நான்தான் பாத்துக்கிறேன். பட்டறையையும் மூடிட்டோம். அதான் எங்கேயும் வர முடியலை. இன்னும் கொஞ்ச காலத்துக்கு வர முடியாது. ஆனா என்னைக் கேக்காம மட்டும் விட்டுடாதீங்கடி. ராத்திரி ஒன்பதரைக்கு மேல பத்து நிமிஷம் பேசலாம்."

கடைசி வரியைக் கட்டாயம் சேருங்கள். "எப்பவாவது பேசலாம்" என்றால் அந்த எப்பவாவது வராது. நேரம் சொன்னால் அவருக்கும் சுலபம், நீங்கள் எடுக்காத நாளில் தப்பாகவும் நினைக்க மாட்டார்.

அனுப்பப் போகும்போது கை நடுங்கும். எல்லாருக்கும் அப்படித்தான். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா ஆக்னினும், இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லியன் சாண்ட்ஸ்ட்ரோமும் 2024-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. பழைய நண்பரோடு மறுபடி பேச ஆசை இருந்தவர்கள், நம்பர் கையில் இருந்தவர்கள், எழுதி அனுப்ப நேரமும் கொடுக்கப்பட்டவர்கள். அவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள்தான் அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேசத் தயங்குவது போலவே பழைய நண்பரிடமும் தயங்கினார்கள். இப்போது பழக்கத்தில் இருப்பவர்களுக்குச் சில நிமிஷம் மெசேஜ் அனுப்பிவிட்டு, அந்தச் சூட்டோடு பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது அனுப்பியவர்களின் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. நீங்களும் முதலில் தங்கைக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ இரண்டு வரி போட்டுவிட்டு, போனைக் கீழே வைக்காமல் திருப்பூருக்குப் பேசுங்கள்.

"இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு?" என்று தோன்றினால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராக மாற, சேர்ந்து கழித்த நேரம் 200 மணிக்கு மேல் தேவைப்பட்டது. ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்த உங்களுக்கு அது முதல் மாதத்திலேயே முடிந்திருக்கும். புதிதாகச் சம்பாதிக்க வேண்டியது எதுவும் இல்லை.

தங்கக் காசு விஷயத்துக்கு வருகிறேன். செய்முறை செய்ய முடியாததால் விசேஷத்துக்குப் போகாமல், போகாததால் பேச்சும் நின்றுபோகும் வீடுகள் நிறைய. உறவுக்காரர்களிடம் இதை மாற்றுவது கஷ்டம், அங்கே மொய் நோட்டு இருக்கிறது. ஹாஸ்டல் சிநேகிதத்தில் மொய் நோட்டு எதற்கு? சீர் முடிந்து பல மாதம் ஆனாலும் பரவாயில்லை. முடிகிற ஒரு நாளில் கொஞ்சம் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள். போகவே முடியாதென்றால் திருப்பூர்க்காரரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வீட்டில் மருந்து வாடை அடிக்கும், சோபாவில் துவைத்த துணி குவிந்திருக்கும். இருக்கட்டும். அத்தைக்குக் குழாயில் ஆகாரம் ஏற்றும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலே அன்றைய வேலை பாதியாகத் தெரியும்.

உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று கேட்க வேண்டும். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை வைத்து மூன்று வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட முடியாது. ஸ்டேட்டஸில் யாரும் மருத்துவமனை பில்லைப் போடுவதில்லை. பெங்களூர்க்காரரின் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், சென்னைக்காரரின் அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, இடமிருந்திருக்காது. பேச ஆரம்பித்த பிறகு கேளுங்கள். கஷ்டத்தில் இருப்பவர் மற்றவர் கஷ்டத்தைக் கேட்டால் பாரம் கூடும் என்று தோன்றும், பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. பெங்களூர்க்காரரிடம் மட்டும் உங்கள் மன வருத்தத்தை நேராகச் சொல்லிவிடுங்கள்: "முடியாதுன்னு நான் சொல்லிக்கிறேன், நீ கேளு." சண்டை வந்தால் வரட்டும், உங்கள் நால்வருக்குள் சண்டை என்ன புதிதா? சென்னைக்காரர் முன்போல ஒட்டாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது. அதற்காகத் துரத்த வேண்டாம். இப்போதைய உங்கள் நாளில் ஒருவரோடு ஒழுங்காகப் பேச முடிந்தாலே பெரிய காரியம்.

அந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வரும் என்பதையும் பார்க்க வேண்டுமே. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவமும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தை பெயரைப் பதிந்து வையுங்கள். தூக்கமின்மையை லேசாக எடுக்காதீர்கள். சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல், காரணமே இல்லாமல் அழுகை வந்துகொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால், ஈரோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலும் 14416-க்குப் பேசுங்கள். 'டெலி மானஸ்' என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது. நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைசியாக நாத்தனார். இந்த வயதில் என்ன ஃபிரண்ட்ஸ் என்று சிரிக்க அவருக்கு நேரம் இருக்கிறதென்றால், அவருடைய அம்மாவை ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளவும் நேரம் இருக்கும். இதை நீங்கள் கேட்க வேண்டாம், வீட்டுக்காரரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அண்ணனோ தம்பியோ கேட்டால் மறுப்பது கஷ்டம். அவர் வருகிற முதல் ஞாயிறு யாருக்கும் போன் பண்ணாமல் படுத்துத் தூங்குங்கள். திருப்பூரெல்லாம் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்