மண்டபத்தில் எடுத்த படங்களில் வெள்ளை வேட்டி ஏன் மஞ்சளாக வருகிறது?

கேமரா பழுதில்லை, கவலை வேண்டாம். மண்டபத்து விளக்கே மஞ்சள்தான். நம் மூளை அதைச் சட்டென்று கழித்துவிட்டு வேட்டியை வெள்ளையாகவே காட்டுகிறது. கேமராவுக்கு எது வெள்ளை என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதுதான் ஒயிட் பேலன்ஸ்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். மெழுகுவர்த்தி சுமார் 1900, குண்டு பல்பு 2700 முதல் 3000, நடுப்பகல் வெயில் 5500, மர நிழலில் 7000கூட வரும். எண் கூடக்கூட ஒளி நீலமாகும். பலரும் குழம்புகிற இடம் அடுத்தது: கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் நீலமாகாது, மஞ்சளாகும்! ஒளி அவ்வளவு நீலம் என்று நம்பி, அதை ஈடுகட்ட கேமரா மஞ்சளைச் சேர்க்கிறது. அதனால் மண்டபத்தில் 3000 பக்கம் வைத்துப் பாருங்கள்.

கேமராவே ஒயிட் பேலன்ஸைக் கணித்துக்கொள்ளும் ஆட்டோ அமைப்பு வெளியில் பெரும்பாலும் போதும். ஆனால் அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை படம் முழுக்க நிறைந்தால், அந்தச் சிவப்பை விளக்கின் நிறம் என்று நினைத்து ஏமாந்துவிடும். முகூர்த்தத்துக்கு முன்பே மணமேடை வெளிச்சத்தில் சாம்பல் நிற அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து, ஒயிட் பேலன்ஸை நாமே அளந்து கொடுக்கும் கஸ்டம் அமைப்பில் அதையே அளவாகக் கொடுத்துவிடுவேன். அப்புறம் மாலையில் இருக்கிற மல்லிகை மல்லிகையாகவே வரும்.

கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக எடுத்தால் பிறகும் தாராளமாகத் திருத்தலாம். சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான ஜேபெக்கில் கொஞ்சம்தான் முடியும். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் மஞ்சள் பல்பு என்றால் எந்த எண்ணும் இரண்டுக்கும் பொருந்தாது. முடிந்தால் பல்பை அணைத்துவிடச் சொல்லுங்கள்.