ஜப்பானில் முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவை யார் ஏற்கிறார்கள்?

நீண்டகாலப் பராமரிப்பு என்றால் வைத்தியம் இல்லை. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, கைபிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போவது என்று வருடக்கணக்கில் தேவைப்படும் உதவி. முன்பெல்லாம் அங்கே இந்தப் பாரம் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் தலையில்தான் விழும் (நம் ஊர்க் கதையேதான்). ஆயுள் நீண்டு, பிள்ளைகள் குறைந்ததும் குடும்பங்களால் தாங்க முடியவில்லை.

அதனால் 2000 ஏப்ரலில் இதற்கென்றே ஒரு கட்டாயக் காப்பீடு வந்தது. 40 வயதிலிருந்து சந்தா கட்ட வேண்டும். 65க்குப் பிறகும் விடமாட்டார்கள், பெரும்பாலானோருக்குப் பென்ஷனிலேயே பிடித்துவிடுவார்கள். உதவி பெறுபவர் செலவில் 10% கொடுக்கிறார். வருமானம் அதிகமென்றால் 20 அல்லது 30%. மீதியில் பாதி சந்தாப் பணம், பாதி வரிப்பணம்.

ஏன் எல்லோரும் கட்ட வேண்டும்? யார் படுக்கையில் விழுவார், எத்தனை வருடம் கிடப்பார் என்று யாருக்கும் தெரியாது. விழுந்தால் ஒரு வீட்டின் சேமிப்பே கரைந்துபோகும். அடுக்குமாடியில் லிஃப்ட் செலவை எல்லா வீடும் பகிர்வது மாதிரிதான் இது. இன்று படியேறுகிறவருக்கும் நாளைக்கு முட்டி வலிக்கலாம்.

சிலர் இதைச் சீட்டு என்று நினைத்து, 65 ஆனதும் கட்டியது கைக்கு வருமென்று எதிர்பார்க்கிறார்கள். வராது, விண்ணப்பித்து, உதவி தேவைதான் என்று உள்ளாட்சி மதிப்பிட்டால் மட்டுமே சேவை கிடைக்கும்.